லீவில் நின்ற குதிரை

போன வியாழக்கிழமை சாயங்காலம் ஆபீஸ் விட்டு பஸ் ஸ்டாண்டுக்கு நடந்துகொண்டிருந்தேன். நடந்தேன் என்பது மரியாதைக்குச் சொல்வது. கூட வேலை பார்க்கிற அக்காவைக் கேட்டால், "அவ எங்க நடந்தா, பறந்துல்லா போனா" என்பாள். தென்காசியில் இப்போது மூலைக்கு மூலை சூப்புக் கடை. ஒரு தள்ளுவண்டி, அதன் மேல் பெரிய அலுமினியப் பானை, 'கொள்ளு சூப், கொழுப்பைக் கரைக்கும்' என்று சிவப்பு எழுத்தில் ஒரு தட்டி. எங்கள் வீட்டில் கொள்ளு என்று யாரும் சொல்வதில்லை, காணம்தான். கடைக்காரர் பானையின் மூடியைத் திறந்தார். வெந்த காணத்தின் வாசனை, ஈர மண்ணும் ஆவியும் கலந்த அந்த வாசனை, மூக்கில் ஏறியதும் என் கால் தானாக நின்றுவிட்டது.

"குடிச்சுப் பாருங்கம்மா. குதிர மாதிரி ஓடலாம்" என்றார் அவர்.

வாங்கினேன். குடிக்க முடியவில்லை. எனக்கு அது சூப் வாசனை இல்லை, துபாயின் வாய் வாசனை. அந்த நிமிஷம்தான் தோன்றியது: துபாய் இப்போது எங்கே நிற்கும்? யார் அதன் காலைத் தொட்டுப் பார்க்கிறார்கள்? மூன்று வருஷமாக ஒரு தடவைகூடக் கேட்கவில்லையே நான்! கப்பை அப்படியே வைத்துவிட்டு என் மாமிக்குப் போன் போட்டேன். மணி அடித்தது, மாமி எடுக்கவில்லை. அவள் எடுக்கிற வரைக்கும் கையைக் கட்டிக்கொண்டு இருக்க எனக்கு வராது. அன்றைக்கு ராத்திரி முழுக்க மனசுக்குள் ஓடினதைத்தான் உங்களிடம் சொல்கிறேன்.

துபாய் என்பது ஒரு குதிரை. கனி மாமா, என் உம்மாவின் தம்பி, பதினைந்து வருஷம் துபாயில் ஒரு மளிகைக் கடையில் நின்றார். நின்றார் என்பதை அப்படியே எடுத்துக்கொள்ளுங்கள். அந்தக் கடையில் வேலையாட்களுக்கு நாற்காலி கிடையாது. ஒருநாள் போதும் என்று வந்துவிட்டார். வந்தவர் எல்லோரையும் போல ஆட்டோ வாங்கவில்லை, செல்போன் கடை வைக்கவில்லை. செங்கோட்டைப் பக்கம் யாரோ விற்கிறார்கள் என்று கேள்விப்பட்டுப் போய், நெற்றியில் வெள்ளைக் கோடு விழுந்த ஒரு பழுப்பு நிறப் பெட்டைக் குதிரையைப் பிடித்துக்கொண்டு வந்து வாசலில் நின்றார்.

"என்னங்க இது?" என்றாள் மாமி, கையில் கரண்டியோடு.

"துபாய்."

"என்னது?"

"இனிமே நம்ம துபாய் இங்கனதான் நிக்கும். நா எங்கயும் போகண்டாம்."

மாமி குதிரையைப் பார்த்தாள், மாமாவைப் பார்த்தாள், உள்ளே போய் ஒரு வாளி தண்ணீர் கொண்டுவந்தாள். யாருக்கு என்று சொல்லவில்லை. குதிரை முந்திக்கொண்டது.

அவர்கள் வீடு தென்காசியிலிருந்து இலஞ்சி போகிற வழியில், தென்னைகளுக்கு நடுவில். பின்னால் ஒரு ஆஸ்பெஸ்டாஸ் கொட்டகை. ஆனியிலும் ஆடியிலும் சீசன் களைகட்டும்போது மாமா குதிரையோடு ஐந்தருவி ரோட்டுக்குப் போய்விடுவார். சாரல் விழுந்துகொண்டே இருக்கும். குளித்துவிட்டுத் தலையில் துண்டோடு வருகிற குடும்பங்கள் பிள்ளைகளைச் சவாரி ஏற்றுவார்கள். ஏற்றச் சொல்லி அழுகிற பிள்ளை ஏறினதும் இறக்கச் சொல்லி அழும். நான் அப்போது விலங்கியல் பட்டம் முடித்து, ஒரு தேர்வும் எழுதிவிட்டு, முடிவுக்குக் காத்திருந்த காலம். உட்கார்ந்தால் கால் தானாக ஆடும். "காலாட்டாத, காலாட்டாத" என்று சொல்லிச் சொல்லி ஓய்ந்துபோன உம்மா, "மாமாகூடயாச்சும் போய்த் தொலை" என்று அனுப்பிவிட்டாள். ஏறினவர்களை அவர்கள் போனிலேயே படம் எடுத்துக் கொடுப்பது என் வேலை. அந்த ஒரு சீசனில் நான் எடுத்த படங்களில் பாதியில் குதிரையின் காது மட்டும்தான் தெளிவாக விழுந்திருக்கும் என்று மாமா எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருப்பார். பொய்யில்லை.

ஆவணி பிறந்தது, சாரல் நின்றது, சீசன் முடிந்தது. மாமா அறிவித்தார்: "துபாய்க்கு லீவு."

வெளிநாட்டிலிருந்து லீவில் வருகிற ஆண்களை எங்கள் தெருவில் எப்படி வைத்துக்கொள்வார்கள் என்பது தெரிந்தால்தான் இது விளங்கும். இரண்டு வருஷத்துக்கு ஒரு தடவை, இரண்டு மாதம். அந்த இரண்டு மாதமும் அவர் ஒரு குடம் தூக்கக் கூடாது. கடைக்குப் போகப் பையை எடுத்தால், "நீங்க இருங்க, லீவுல வந்துட்டு" என்று நாலு பேர் பிடுங்குவார்கள். கறி வைத்த தட்டு அவர் பக்கம்தான் முதலில் நகரும். ஃபேனுக்கு நேர் கீழே அவருக்குத்தான் இடம். எங்கள் ஊரில் ஒரு ஆண்பிள்ளைக்குக் காட்டுகிற பெரிய அன்பு, அவனை ஒரு துரும்பையும் தூக்க விடாமல் இருப்பதுதான். கனி மாமாவுக்குத் தெரிந்த லீவு அது ஒன்றுதான். அதைத்தான் குதிரைக்கும் கொடுத்தார்.

கொட்டகையில் ஃபேன் மாட்டினார். சிரிக்காதீர்கள், சீலிங் ஃபேன். காலுக்குக் குளிர்ச்சியாக இருக்கட்டும் என்று பழைய கார்ப்பெட் விரித்தார். இரண்டு வேளையும் அவித்த காணம், தவிடு, நடுவில் வாழைப்பழம். அலைய வேண்டாம், நிம்மதியாக நிற்கட்டும் என்று கயிற்றைக் குட்டையாகக் கட்டினார். சும்மா ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு வரலாம் என்று நான் அவிழ்க்கப் போனால், "லீவுல இருக்கத எதுக்குட்டி தொந்தரவு பண்ணுத?" என்று விரட்டுவார். துபாய் நின்றது. ஆவணி நின்றது, புரட்டாசி நின்றது, ஐப்பசி மழையும் வந்துவிட்டது. துபாய் அதே இடத்தில் நின்றது.

ஒரு காலையில் ஹோஸ் பிடித்துக் கழுவிக்கொண்டிருந்தபோதுதான் பார்த்தேன். பின்னங்கால் இரண்டும் கால் மடங்குகிற மடக்குக்குக் கீழே குளம்பு வரைக்கும் ஒரே உருளையாக இருந்தன. எலும்பின் மேடும் தெரியவில்லை, நரம்பின் பள்ளமும் தெரியவில்லை. தண்ணீர் பைப்பை இரண்டு சாக்குக்குள் திணித்த மாதிரி. பெருவிரலால் அமுக்கினேன். பிசைந்த மாவில் அமுக்கினது போலக் குழி விழுந்தது, விழுந்த குழி நிரம்பாமல் அப்படியே என்னைப் பார்த்தது.

மாமா வந்து குந்தி உட்கார்ந்து பார்த்தார். "ரெண்டு மாசம் ஓடுன களைப்புட்டி. இப்பத்தான் இறங்குது. இன்னும் நல்லா ரெஸ்ட் குடுக்கணும்" என்றார். கயிற்றை இன்னும் ஒரு முழம் குறைத்தார்.

இதற்கு நடுவில் ஒரு போன் வந்துகொண்டிருந்தது. மாமாவின் பழைய கடை முதலாளி. ஆள் பற்றவில்லை, விசா தயார், வருகிறாயா இல்லையா என்று. கார்த்திகையில் ஐயப்ப பக்தர்கள் வர ஆரம்பித்தால் குற்றாலம் மறுபடியும் நிறையும், குதிரைக்கும் வேலை வரும். அதை நம்பித்தான் மாமா உள்ளூரில் கால் ஊன்றியிருந்தார். கால் வீங்கிய குதிரையின் மேல் யாரை ஏற்றுவது? இரண்டு நாள் மோட்டுவளையைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தவர் மூன்றாம் நாள் சாப்பாட்டுத் தட்டின் முன்னால் சொன்னார்: "கார்த்திகை ஒண்ணாந்தேதிக்குள்ள அதுக்குக் கால் வத்தலன்னா குடுத்துருவோம். நா பெட்டியக் கட்டிருதேன்."

மாமி அடுப்படியில் என் முழங்கையைப் பிடித்தாள். "நீ என்னமோ உயிரப் பத்திதான படிச்ச? எப்படியாச்சும் அந்தக் கால வத்த வச்சிரு. பதினஞ்சு வருஷம் போன்ல குடும்பம் நடத்துனேன். இனி நம்மால ஆவாது, கேட்டியா?"

நான் படித்ததில் தவளையின் காலைப் பற்றி இருந்தது. குதிரையின் காலைப் பற்றி ஒரு வரி இல்லை. ஆனால் தெரியாது என்று சொல்கிற வயதா அது? இருபத்தாறு நாள் இருக்கிறது, போதும், நான் பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டேன். என் வாய் எப்போதும் என்னை விட ஒரு தெரு முன்னால் போகும்.

போனில் வீடியோ பார்த்தேன். வெள்ளைக்காரப் பெண் ஒருத்தி குதிரையின் காலுக்குக் கட்டுப் போடுகிறாள், எவ்வளவு அழகாக! முழுசாகப் பார்க்கப் பொறுமை இல்லாமல் பாதியிலேயே எழுந்து, மாமியின் முட்டிவலிக்கு வாங்கி வைத்திருந்த கிரேப் பேண்டேஜை எடுத்துக்கொண்டு ஓடினேன். இறுக்கிக் கட்டினால் வீக்கம் எங்கே போகும், இறங்கித்தானே ஆக வேண்டும்? இது என் கணக்கு. மறுநாள் பார்த்தால் கட்டுக்கு மேலே வீக்கம் வளையமாகப் பிதுங்கி நிற்கிறது, கட்டின இடத்தில் கயிறு பதிந்த மாதிரி தடம். வீடியோவின் மீதிப் பாதியை அப்புறம் பார்த்தேன். அடியில் பஞ்சு வைக்க வேண்டும், விரல் நுழைகிற அளவு விட வேண்டும், தெரியாதவர்கள் தொடவே கூடாது என்று அந்தப் பெண் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

அடுத்தது மாமாவின் வைத்தியம். வீட்டு போர் தண்ணீரில் என்ன இருக்கிறது, அருவித் தண்ணீர் மூலிகையைத் தொட்டு வருகிறது என்று தினமும் ஸ்கூட்டரில் இரண்டு கேனில் குற்றாலத் தண்ணீர் கொண்டுவந்து ஊற்றினார். ஊற்றும்போது ஒரு விரல் அளவு வற்றும், மத்தியானம் பழையபடி ஆகிவிடும். அதற்கு அடுத்தது செல்லையா அண்ணாச்சி. மெயின் அருவிப் பக்கம் எண்ணெய் மசாஜ் செய்கிறவர், மாமாவின் சிநேகிதர். சீசன் இல்லாததால் சும்மா இருந்தார். வேட்டியை மடித்துக் கட்டி, ஒரு கிண்ணம் எண்ணெயோடு வந்து குதிரையைச் சுற்றி ஒரு வட்டம் போட்டார்.

"குதிரைக்குத் தேச்சிருக்கீங்களா அண்ணாச்சி?" என்றேன்.

"தாயி, இந்தக் கை எத்தன போலீஸ்காரன் தொடையப் பாத்துருக்கு. குதிர என்ன பெரிய குதிர?"

குனிந்து ஒரு உருவு உருவினார். இரண்டாவது உருவலுக்குள் கிண்ணம் தென்னை மரத்தில் போய் விழுந்தது. அண்ணாச்சி கொட்டகைக்கு வெளியே நின்றுகொண்டிருந்தார். எப்போது போனார் என்று எங்களுக்குத் தெரியவில்லை.

"லேய் கனி, இது மசாஜ் கேக்கல. வேற என்னமோ கேக்குது. என்னன்னு நீயே கேளு" என்று சொல்லிவிட்டு எண்ணெய்க் கையைத் தலையில் தடவிக்கொண்டே போய்விட்டார்.

ஒன்பது நாள் இப்படியே வீணாய்ப் போனது. பத்தாம் நாள் கால்நடை மருந்தகத்துக்குப் போனேன். எனக்கு முன்னால் ஏழு ஆடு, ஒரு கன்றுக்குட்டி, கூடையில் சில கோழிகள். டாக்டரம்மா இளவயசுதான், என்னை விட ஆறேழு வயது மூப்பு இருக்கும். குதிரை என்றதும் பேனாவை நிமிர்த்திப் பிடித்தார்.

"மொதல்லயே சொல்லிருதேன். குதிரைய நான் படிச்சது நெறைய, பாத்தது மூணு. ரெண்டு காலா, ஒரு காலா?"

"ரெண்டு மேடம். பின்னங்கால்."

"தொட்டா சுடுதா?"

"இல்ல, ஜில்லுன்னுதான் இருக்கு."

"அமுக்குனா வலிக்கிற மாதிரி கால இழுக்குதா?"

"இல்ல. குழி மட்டும் விழுது."

"நொண்டுதா?"

"தெரியல மேடம்."

"தெரியலன்னா?"

"நடந்தாத்தான தெரியும்?"

டாக்டரம்மா பேனாவை மேஜையில் வைத்தார். "கடைசியா எப்பம்மா நடந்துச்சு?"

நான் விரல் விட்டு எண்ண ஆரம்பித்தேன். ஒரு கை முடிந்து இன்னொரு கைக்குப் போகும்போது அவர் சிரித்துவிட்டார். பின்னால் ஆட்டோடு நின்ற அம்மாளும் சிரித்தாள்.

"அதுக்கு நோயே இல்லம்மா, நிக்குது, அவ்வளவுதான். மடக்குக்குக் கீழ குதிரைக்குச் சதையே கிடையாது, எலும்பும் நரம்பும்தான். கீழ இறங்குன நீர் மேல ஏறணும்னா அது கால எடுத்து வைக்கணும். ஒவ்வொரு எட்டுக்கும் குளம்பு அமுங்கி பம்பு மாதிரி மேல தள்ளும். நீங்க பம்ப அணைச்சு வச்சுட்டு தண்ணி ஏறலங்கீங்க." அப்புறம் வேகமாகச் சொன்னார்: பத்துப் பத்து நிமிஷமாக ஒரு நாளைக்கு நாலு தடவை, மெதுவாக, கையில் பிடித்து நடத்து. வேலையில்லாத குதிரைக்குக் காணம் எதற்கு, குறை, புல்லைப் போடு. நீளக் கயிற்றில் விடு. காலையும் நிற்கிற தரையையும் ஈரமில்லாமல் வை. "ஒண்ணு மட்டும் மறந்துராத. ஒத்தக் கால் வீங்கி, சுட்டு, தொட விடலன்னா அது வேற கத. அன்னைக்கு நடத்தாத. என்னையக் கூப்புடு."

இந்த வீட்டில் எல்லாவற்றையும் விடக் கஷ்டம் மாமாவிடம் சொல்வது. கொட்டகையில் காண வாளியோடு இருந்தார். நான் ஒரே மூச்சில் பம்பு, குளம்பு, நீர் என்று கொட்டினேன்.

"லீவுல இருக்கத வேலைக்குக் கூப்புடச் சொல்லுதாளா ஒன் டாக்டரு?"

"வேல இல்ல மாமா. நட."

"அது பாவம்லாட்டி. வாயில்லாத ஜீவன். நம்மதான் பாத்து ரெஸ்ட் குடுக்கணும்."

எனக்குப் பொறுக்கவில்லை. "நீங்க லீவுல வந்தா என்ன செய்வீங்க மாமா? ஃபேனுக்குக் கீழ ஒரு மணி நேரம் இருந்துருக்கீங்களா? விடிஞ்சா டீக்கடை, அங்கேருந்து பள்ளிவாசல், அங்கேருந்து கொளத்தங்கரை. மாமி சோத்த வச்சுக்கிட்டு ஒங்களத் தெருத்தெருவாத் தேடுவா. வீட்டுல எல்லாரும் இருங்க இருங்கன்னுதான் சொன்னோம். நீங்க எங்க இருந்தீங்க?"

மாமா வாளியைக் கீழே வைத்தார். குந்தி உட்கார்ந்து, நான் செய்தது போலவே பெருவிரலால் துபாயின் காலை அமுக்கினார். குழியைப் பார்த்துக்கொண்டே சொன்னார், என்னிடம் இல்லை, குதிரையிடம் சொல்வது போல:

"அங்கன கடை அடைக்கையில எனக்கும் இப்படித்தான் இருக்கும். ஷூவக் கழட்டுனா சாக்ஸோட வரி காலுல பதிஞ்சு கெடக்கும். ரூமுக்கு வரப்போ ஷூ ஏறாது, கையில தூக்கிட்டு வருவேன். நின்னு நின்னு." என்னை நிமிர்ந்து பார்த்தார். "அப்ப நா இதக் கொண்டாந்து கடையில நிப்பாட்டிட்டேனாட்டி?"

மாமா எழுந்து கயிற்றை அவிழ்த்தார். அவிழ்த்ததும் துபாய் நகரவில்லை. இரண்டரை மாதம் நின்ற பழக்கம். மாமா இரண்டு எட்டு முன்னால் வைத்து, திரும்பிப் பார்க்காமல், "வா" என்றார். அது வந்தது. முதல் நாலு எட்டு மரக்கால் கட்டின மாதிரி, அப்புறம் வாசல், அப்புறம் ரோடு. பத்து நிமிஷம் கழித்து வந்து தொட்டுப் பார்த்தால், சத்தியமாகச் சொல்கிறேன், மடக்குக்குக் கீழே ஒரு எலும்பின் விளிம்பு விரலில் தட்டியது. நான் கத்தின கத்தலில் மாமி கரண்டியோடு ஓடிவந்தாள்.

காலையில் மறுபடியும் வீங்கியிருந்தது. அதற்குப் பயப்பட வேண்டாம், நடக்க நடக்க அது தானாக விடும் என்று டாக்டரம்மா போனில் சொன்னார். அப்படித்தான் நான்கு வேளை நடை ஆரம்பித்தது. காலையும் ராவும் மாமா, நடுவில் இரண்டும் நான். ஒரு பெண்பிள்ளை துப்பட்டாவை இழுத்துச் சொருகிக்கொண்டு குதிரையைப் பிடித்து இலஞ்சி ரோட்டில் நடந்தால் சும்மா விடுவார்களா?

"ஏட்டி, குதிர வருது, மாப்பிள்ள எங்க?"

"பின்னால நடந்து வாராரு ஆச்சி, அவருக்குக் கால் வீக்கம்."

"துபாய் எங்க போயிட்டு வருது?"

"ஏர்போர்ட் வரைக்கும்."

காணத்தைக் குறைத்ததில் துபாய்க்கு என் மேல் கோபம். தோளில் ஒரு கடி விழுந்தது. மாமிக்கு மனசு கேட்காமல் முந்தானையில் மறைத்து ஒரு கை காணம் கொண்டுபோவாள். வாசனை காட்டிக்கொடுத்துவிடும். "இவ்ளோதாட்டி, இவ்ளோதான்" என்று என்னிடம் கெஞ்சுவாள்.

ஒரு வாரத்தில் கால் முக்கால்வாசி வற்றியது. அங்கேதான் நான் கெடுத்தேன். பத்து நிமிஷத்துக்கு இவ்வளவு என்றால் அரை மணிக்கு எவ்வளவு? என் மண்டையில் அதுதான் ஓடியது. ரோட்டை விட்டுக் குளத்தங்கரைக்குக் கூட்டிப்போனேன். முதல் நாள் பெய்த மழையில் கரை முழுக்கச் சேறு. முக்கால் மணி நேரம் நடத்தினேன், அது சந்தோஷமாகத்தான் வந்தது. திரும்பி வந்ததும் தேர்வு முடிவு வந்திருப்பதாக ஒரு தோழி போன் பண்ணினாள். சேற்றுக் காலைக் கழுவாமல், துடைக்காமல், அப்படியே கட்டிவிட்டு ஓடினேன். முடிவில் என் எண் இல்லை. அந்தத் துக்கத்தில் மறுநாளும் காலைப் பார்க்கவில்லை. விடியுமுன்னும் இருட்டினபின்னும் நடத்துகிற மாமா கண்ணிலும் அது படவில்லை.

மூன்றாம் நாள் காலை இடது பின்னங்கால் மட்டும் தனியாகப் பருத்திருந்தது. தொட்டேன், சுட்டது. அது காலைத் தூக்கி, குளம்பின் நுனியை மட்டும் தரையில் வைத்து, என்னைத் திரும்பிப் பார்த்தது. ஒத்தக் கால். சூடு. வலி. டாக்டரம்மா சொன்ன மூன்றும் வரிசையாக நின்றன. கார்த்திகைக்கு ஏழு நாள்.

மாமாவிடம் போய்ச் சொன்னேன். சேறு, கழுவாதது, பார்க்காதது எல்லாவற்றையும். வாயிலிருந்து வேகமாக வராத ஒரே பேச்சு அதுதான். மாமா திட்டியிருந்தால் தேவலை. "டாக்டருக்குப் போன் போடு" என்று மட்டும் சொன்னார். அலமாரி மேலிருந்த பெட்டியை ஒரு தடவை நிமிர்ந்து பார்த்தார். மாமிதான் திட்டினாள், ஏழு தலைமுறைக்கும் சேர்த்து.

டாக்டரம்மா மத்தியானம் ஸ்கூட்டரில் வந்தார். குளம்புக்கு மேலே, கால் மடியும் இடத்தின் பின்பக்கம், சேறு காய்ந்த ரோமத்தை விலக்கினார். நகக்கீறல் அளவு ஒரு வெடிப்பு. "இதுவழியாத்தான் உள்ள போயிருக்கு" என்றார். ஊசி போட்டார், மருந்து எழுதினார், கழுவி, ஒற்றித் துடைத்து, காய வைக்கக் காட்டிக்கொடுத்தார்.

"எப்ப மேடம் நடத்தலாம்? சாயங்காலம்? அஞ்சு நிமிஷம் மட்டும்?"

"ஏம்மா, கொஞ்சம் சும்மா இருக்க மாட்டியா? நான் சொல்லுத வரைக்கும் நடத்தாத. பக்கத்துல இரு. சுடுதான்னு தொட்டுத் தொட்டுப் பாரு. அதான் ஒனக்கு வேல."

இருந்தேன். உட்கார்ந்து, ஒரு இடத்தில், இரண்டு பகல். கார்ப்பெட்டைத் தூக்கி எறிந்துவிட்டு மாமா காய்ந்த மணலும் வைக்கோலும் போட்டிருந்தார். நான் அதன் மேல் உட்கார்ந்து ஒவ்வொரு மணிக்கும் புறங்கையை அந்தக் காலில் வைத்து, பிறகு மற்றக் காலில் வைத்து, எது எவ்வளவு சூடு என்று பார்த்தேன். என் கால் ஆடிக்கொண்டே இருந்தது. இரண்டாம் நாள் சாயங்காலம் அசர் தொழுகைக்குப் பாங்கு சொல்லி முடித்த நேரம், இரண்டு காலும் புறங்கைக்கு ஒன்று போலத் தெரிந்தன. நம்பாமல் மாமாவைக் கூப்பிட்டேன். அவர் நம்பாமல் மாமியைக் கூப்பிட்டார். மாமி புறங்கையை வைத்துப் பார்த்தாள். "தோச ஊத்துனா வேகாது" என்றாள்.

மறுநாள் டாக்டரம்மா சரி என்றார். ஐந்து நிமிஷம், அப்புறம் எட்டு, அப்புறம் பத்து. இந்தத் தடவை கடிகாரத்தைப் பார்த்து நடத்தினேன்.

கார்த்திகை முதல் தேதி காலையில் மாமா யாரையும் ஏற்றவில்லை. துபாயைக் கையில் பிடித்துக்கொண்டு ஐந்தருவி ரோடு வரைக்கும் வெறுமனே நடந்தார், நானும் கூடப் போனேன். கறுப்பு வேட்டிகள் நிறைந்த ரோடு, சரண கோஷம், சூடம், ஈரத் துண்டு வாசனை. அவர் சட்டைப் பையில் போன் அடித்தது. எடுத்துப் பார்த்தார், முதலாளி. அடித்து ஓயும்வரை திரையைப் பார்த்துக்கொண்டே நடந்தார், திரும்பப் பைக்குள் போட்டார். அந்த வாரக் கடைசியில் மாமி அலமாரி மேலிருந்த பெட்டியை இறக்கினாள். நான் ஓடினேன். பார்த்தால், பிரஷ், துணிச்சுருள், பஞ்சு, மருந்துப் பாட்டில் எல்லாவற்றையும் அதற்குள் அடுக்கிக்கொண்டிருக்கிறாள்.

இதெல்லாம் ஆறு வருஷத்துக்கு முன்னால். மாமா மூன்று வருஷம் ஊரில் இருந்தார். மாமி சொல்வாள், தனக்குக் கல்யாணம் ஆனது அந்த மூன்று வருஷம்தான் என்று. அந்த வருஷங்களில் ஒரு சீசன் மழை பொய்த்தது, இன்னொரு சீசன் வெள்ளம் வந்து அருவியில் குளிக்க விடவில்லை. கார்கள் பெருகின, அவற்றுக்கு நிற்க இடம் வேண்டியிருந்தது. ஐந்தருவி ரோட்டில் குதிரைகள் வரிசையாக நின்ற மரத்தடியில் இப்போது வண்டிகள் நிற்கின்றன. ஈரத் தோலும் சாணமும் சாரலும் கலந்த அந்த வாசனை அங்கே இல்லை. ஏறவும் அழுது இறங்கவும் அழுகிற பிள்ளைகளின் சத்தம் இல்லை. செல்லையா அண்ணாச்சி திருப்பூரில் மகன் வீட்டில். மாமா மறுபடியும் துபாய்க்குப் போனார், வேறு கடை. மணிக்கு ஒரு தடவை கடையைச் சுற்றி ஒரு நடை நடந்துவிடுவாராம், மேனேஜர் முறைத்தாலும். போகிற அன்றைக்கு யாரோ வந்து குதிரையைக் கூட்டிப்போனார்கள். நான் அப்போது வேலை கிடைத்த புதிது, ஆபீஸில் இருந்தேன். பார்க்கவில்லை. பார்க்காமல் இருக்க வசதியாக இருந்தது என்றும் சொல்லலாம்.

மாமி மறுநாள் போனை எடுத்தாள். துபாய் புளியங்குடிப் பக்கம் ஒரு எலுமிச்சைத் தோட்டத்தில் இருக்கிறதாம். தோட்டக்காரர் நம்பரும் கொடுத்தாள். உடனே போட்டேன். தங்கமான மனுஷன், முன்பின் தெரியாத என்னிடம் அவ்வளவு பிரியமாகப் பேசினார்.

"நீங்க கவலையே படண்டாம்மா. ராணி மாதிரில்லா வச்சிருக்கோம். எங்க வீட்டம்மாவுக்கு அதுமேல உசுரு. வந்த நாள்லேருந்து ஒரு வேல கெடையாது. நின்ன எடத்துல தீனி, நின்ன எடத்துல தண்ணி. கயிறே அவுக்கிறதில்ல."

"காலு எப்படி இருக்கு அண்ணாச்சி?"

"காலா? நல்லா கொழுகொழுன்னு இருக்கும்மா!"

ஞாயிற்றுக்கிழமை புளியங்குடிக்கு முதல் பஸ் ஐந்தே காலுக்கு. டாக்டரம்மா இப்போது வேறு ஊரில் இருக்கிறார், ஆனால் போனில் கூடவே இருக்கிறேன் என்றிருக்கிறார். முதலில் இரண்டு காலா, ஒரு காலா என்று பார்க்க வேண்டும். புறங்கை வைத்துப் பார்க்க வேண்டும். பம்பு, குளம்பு என்று தோட்டக்காரரிடம் கொட்டப்போவதில்லை, அவர் வீட்டம்மாளின் அன்பையும் குறை சொல்லப்போவதில்லை. தோட்டத்தைச் சுற்றிக் காட்டுங்கள் அண்ணாச்சி, ஒரு பத்து நிமிஷம், என்று கேட்கப்போகிறேன். மெதுவாகப் போவோம், கயிற்றை நான் பிடித்துக்கொள்கிறேன்.